ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை, பிலடெல்பியா: ஜெபிக்கிறவர்கள் கட்டிய தனிக்கொட்டடி

பிலடெல்பியாவுக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் சுதந்திர மணியைப் பார்ப்பார்கள், ஆர்ட் மியூசியம் படிக்கட்டில் நின்று ஒரு போட்டோ எடுப்பார்கள், அத்தோடு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அந்தப் படிக்கட்டிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில், ஃபேர்மவுண்ட் அவென்யூவில், முப்பது அடி உயரக் கருங்கல் மதிலோடு கோட்டை மாதிரி ஒரு பழைய சிறை நிற்கிறது. பெயர் ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷியரி. 1829-ல் திறந்தார்கள், 1971-ல் மூடினார்கள், 1994-லிருந்து பொதுமக்கள் சுற்றிப் பார்க்கலாம். அரைநாள் ஒதுக்கிப் போய்வாருங்கள் என்று யாருக்கும் சொல்வேன், சபைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு மடங்கு அழுத்திச் சொல்வேன். ஏனென்றால் இதைக் கட்டச் சொன்னவர்கள் கொடுங்கோலர்கள் இல்லை. பைபிள் வாசித்து, முழங்கால் போட்டு, ஏழைகளுக்காகக் கண்ணீர் விட்டவர்கள். உலகத்தின் பல சிறைகளுக்குத் தனிக்கொட்டடி முறையைக் கற்றுக்கொடுத்தது அவர்கள் கட்டிய இந்த இடம்தான்.

எங்கள் சபையிலிருந்து ஒரு வேன் பிடித்துப் போனோம். டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது, வாசலில் வாங்குவதைவிடக் கொஞ்சம் மலிவு, நேரமும் உறுதி. டிக்கெட்டோடு ஹெட்ஃபோனும் ஒரு சின்னக் கருவியும் தருகிறார்கள். நடிகர் ஸ்டீவ் புசேமியின் குரல் கூட்டிக்கொண்டு போகிறது. நடுநடுவே இங்கே வேலை பார்த்த காவலர்கள், இங்கே இருந்த கைதிகள் இவர்களுடைய சொந்தக் குரலும் வருகிறது. அந்தக் குரல்களுக்காகவே ஹெட்ஃபோனைக் கழற்றாமல் நடங்கள். சுவரில் நம்பர் போட்டிருக்கிற இடங்களில் அந்த எண்ணை அழுத்தினால் கூடுதல் விவரம் கேட்கலாம், அவசரப்படாதவர்களுக்கு அதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1787-ல் பிலடெல்பியாவில் பொதுச்சிறைகளின் துன்பங்களைக் குறைப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். டாக்டர் பெஞ்சமின் ரஷ் அதில் இருந்தார், பிஷப் வில்லியம் ஒயிட் தலைவராக இருந்தார், குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவினர் நிறையப் பேர் இருந்தார்கள். அன்றைய சிறை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இவர்கள் ஏன் இப்படி யோசித்தார்கள் என்பது புரியும். ஆண், பெண், சின்னப் பையன், கடன்காரன், கொலைகாரன் எல்லாரையும் ஒன்றாக அடைத்து வைப்பார்கள், ஜெயிலரே சாராயம் விற்பார், காசு இல்லாதவன் பட்டினி கிடப்பான். வெளியே சவுக்கடி, தூக்கு. இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் இவர்கள் கிளம்பினார்கள். 1794-ல் பென்சில்வேனியாவில் முதல் தரக் கொலை ஒன்றைத் தவிர வேறு எந்தக் குற்றத்துக்கும் தூக்கு கிடையாது என்று சட்டம் வந்தது, அதன் பின்னாலும் இந்த மாதிரி ஆட்களின் உழைப்பு இருந்தது. ஒரு திருடனுடைய உயிரும் தேவன் கொடுத்த உயிர்தான் என்று நம்பி, அதைச் சட்டத்திலும் கேட்டு வாங்கியவர்கள். இதை மறந்துவிட்டு அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் அவர்கள் யோசித்தது இது. ஒருவனுக்குச் சுத்தமான ஓர் அறை, செய்ய ஒரு கைத்தொழில், கையில் ஒரு பைபிள், சுற்றிலும் அமைதி. கெட்ட சகவாசம் இல்லை, அவமானம் இல்லை, அடி இல்லை. இப்படி விட்டால் மனச்சாட்சி தானாகப் பேச ஆரம்பிக்கும், தேவன் அவனைச் சந்திப்பார், மனந்திரும்பி வெளியே வருவான். குவேக்கர்கள் ஆராதனையிலேயே பேசாமல் உட்கார்ந்து காத்திருக்கிறவர்கள், அவர்களுக்கு மௌனம் என்பது ஆசீர்வாதம். ஆனால் அவர்கள் பத்து இருபது பேர் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து உட்கார்ந்துதான் மௌனமாக இருந்தார்கள். கைதிக்கு மௌனத்தை மட்டும் கொடுத்தார்கள், பக்கத்தில் உட்காருகிற ஆளைக் கொடுக்கவில்லை. இந்தச் சிறையை முழுவதும் சுற்றிவிட்டு எனக்குத் தோன்றிய ஒரே குறை இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்தே வந்தது.

கட்டடத்தைச் சொல்கிறேன். ஜான் ஹேவிலண்ட் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. நடுவில் ஒரு வட்டக் கூடம், அதிலிருந்து ஏழு நீண்ட தாழ்வாரங்கள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி பிரிந்து போகும். நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாத் தாழ்வாரமும் கண்ணுக்குத் தெரியும். மேலே வளைந்த உயரமான கூரை, உச்சியில் வரிசையாக வெளிச்சத் துளைகள், பழைய மாதாகோவிலுக்குள் நிற்கிற உணர்வு வரும், வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

கொட்டடிக்குள் போங்கள். சில அறைகள் திறந்து விட்டிருக்கிறார்கள். கதவு தாழ்வு, குனிந்துதான் நுழைய முடியும். எட்டடிக்குப் பன்னிரண்டடி, ஏறக்குறைய அவ்வளவுதான் அறை. சுண்ணாம்பு பெயர்ந்து தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது, வெயில் காலத்திலும் ஒரு ஈரக் குளிர்ச்சி. கூரையில் ஒரே ஒரு சின்னத் துளை, அதன் வழியாக மேலிருந்து வெளிச்சம் இறங்கி ஒரு துண்டாகச் சுவரில் விழுகிறது, நேரம் போகப் போக அது நகர்கிறது. வானத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாதபடி ஜன்னலே வைக்கவில்லை. அதே அறையில் குழாய்த் தண்ணீர் உண்டு, கழிப்பறை உண்டு, குளிருக்குச் சூடு வருகிற ஏற்பாடும் உண்டு. வெள்ளை மாளிகைக்கே குழாய்த் தண்ணீர் வராத காலம் அது! பின்பக்கம் ஒவ்வொரு அறைக்கும் உயரமான சுவர் வைத்த ஒரு சின்ன முற்றம், தினம் ஒரு மணி நேரம் அதில் நடக்கலாம், பக்கத்து முற்றத்து ஆளும் அதே நேரத்தில் வெளியே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆரம்பத்தில் கட்டிய அறைகளுக்குத் தாழ்வாரப் பக்கம் கதவே கிடையாது, சாப்பாடு உள்ளே போக ஒரு துவாரம் மட்டும்.

எங்களோடு வந்த ஆச்சி ஒருவர் திருநெல்வேலிப் பக்கம், ஊரில் இருந்தபோது கிறிஸ்துமஸ் சமயம் சபைக்காரர்களோடு பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கேக்கும் துணியும் கொண்டுபோய்க் கொடுத்த பழக்கம் உள்ளவர். அந்தத் துவாரத்தில் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "ஏய்யா, இவன் யாரு கூட உக்காந்து சாப்பிட்டான்?" யாரோடும் இல்லை ஆச்சி, வருஷக்கணக்கில் தனியாகத்தான் என்றேன். அவர் பதில் பேசவில்லை, அந்தக் கொட்டடியை விட்டு வெளியே வந்து தாழ்வாரத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் கைதியின் பதிவு இருக்கிறது, அதைக் கட்டாயம் படியுங்கள். 1829 அக்டோபரில் வந்தவர், பெயர் சார்லஸ் வில்லியம்ஸ், வயது 18, கறுப்பினத்தவர், விவசாயி, படிக்கத் தெரியும். திருடியது இருபது டாலர் கடியாரம் ஒன்று, மூன்று டாலர் தங்க முத்திரை ஒன்று, ஒரு தங்கச் சாவி. தண்டனை இரண்டு வருஷம். மூக்கில் ஒரு தழும்பு இருந்ததைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே கூட்டி வருகிற ஆளுக்கு முகத்தை மூடித் தலைக்கு ஒரு முக்காடு போடுவார்கள். வழி தெரியக் கூடாது, யாரையும் பார்க்கக் கூடாது, யாரும் இவனைப் பார்க்கவும் கூடாது. வெளியே போன பிறகு பழைய கைதி என்று யாரும் அடையாளம் சொல்லிவிடக் கூடாது என்ற அக்கறையும் அதில் உண்டு. முக்காட்டைப் போட்டவர்கள் நல்ல மனசோடுதான் போட்டார்கள், அதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. காவலர்கள் நடக்கிற சத்தம் கேட்கக் கூடாது என்று பூட்ஸுக்கு மேல் காலுறை மாட்டிக்கொள்வார்களாம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்கூடப் போதகர் தாழ்வாரத்தில் நின்று சொல்ல, அவனவன் அறைக்குள் இருந்தபடி காதால் கேட்பதுதான். சபை கூடுதல் என்று நாம் சொல்கிறோமே, அதில் கூடுதலே இல்லாத ஆராதனை.

மனுஷன் அப்படி இருக்க மாட்டான். குழாயைத் தட்டிப் பேசினார்கள், காற்றுப் போகிற துளை வழியாகப் பேசினார்கள். பேசினால் தண்டனை. 1833-ல் மத்தியாஸ் மக்கம்ஸி என்ற கைதிக்கு, பக்கத்து ஆட்களோடு பேசினார் என்பதற்காக வாயில் இரும்புக் கடிவாளம் மாட்டிக் கையைப் பின்னால் இழுத்துக் கட்டினார்கள், அதிலேயே இறந்துபோனார். மாநில சட்டமன்றம் விசாரணை நடத்தியது. சவுக்கடியே கூடாது என்று ஆரம்பித்த இடத்தில், நாலே வருஷத்துக்குள், பக்கத்து மனுஷனிடம் பேசினதற்காக ஒரு உயிர் போனது.

1842-ல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இங்கே வந்தார். அறை அறையாகப் போய்க் கைதிகளோடு பேசினார். ஊருக்குத் திரும்பிப் போய் அவர் எழுதியதில் ஒரு ஜெர்மன்காரரைப் பற்றி வரும். திருட்டுக்கு ஐந்து வருஷம், நெசவுக்குக் கொடுத்த நூலிலிருந்து சாயத்தைப் பிரித்தெடுத்துச் சுவர் முழுக்க ஒரு இடம் விடாமல் வண்ணம் தீட்டியிருந்தாராம், முற்றத்தில் கொஞ்சம் மண்ணைக் கொத்தித் தோட்டமும் போட்டிருந்தாராம், நடுவிலே போட்ட பாத்தி பார்க்க ஒரு கல்லறை மாதிரி இருந்ததாம். உடம்பை வதைப்பதைவிட மூளையை இப்படித் தினம் தினம் அரித்தெடுப்பது கொடியது என்பதுதான் டிக்கன்ஸ் சொன்னதன் சாரம். இதைக் கட்டியவர்களின் நோக்கம் நல்லது என்பதை அவர் மறுக்கவில்லை. தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை என்றுதான் எழுதினார்.

ஆனாலும் உலகம் இதைப் பார்த்துக் கட்டிக்கொண்டே போனது. ஐரோப்பா, சீனா, தென் அமெரிக்கா என்று நூற்றுக்கணக்கான சிறைகள். அந்தமான் செல்லுலார் சிறையும் இதே தனிப்பிரிப்பு முறைதான், நடுவில் கோபுரம், ஏழு சிறகு, கிட்டத்தட்ட 700 தனி அறை, ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி வைத்ததால் எதிரெதிரே ஆள் முகம் தெரியாது. அந்தமான் போய்வந்தவர்களுக்கு இந்த பிலடெல்பியா தாழ்வாரத்தில் நின்றதும் ஏற்கனவே பார்த்த இடம் என்று தோன்றும். இங்கே தனிமை முறையை 1913-ல் சட்டப்படியே கைவிட்டார்கள். அதற்கு ரொம்ப முன்னாலேயே கூட்டம் தாங்காமல் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று ஆகிவிட்டது.

பைபிளில் சிறை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எரேமியா தீர்க்கதரிசி. தண்ணீர் இல்லாத துரவில் இறக்கிவிட்டார்கள், உளைச் சேற்றில் அமிழ்ந்து கிடக்கிறார். எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன் ராஜாவிடம் போய்ப் பேசி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான். வெறும் கயிற்றை விடவில்லை. பழந்துணியும் கந்தையும் தேடி எடுத்துக் கயிற்றில் கட்டி இறக்கி, இதை அக்குளில் கயிற்றுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் என்று சொல்லி அனுப்புகிறான், கயிறு அறுத்துவிடக் கூடாதாம். இரக்கம் என்றால் எனக்கு அதுதான். கிட்டே போனவனுக்கு மட்டும்தான் அக்குள் வலிக்கும் என்று தோன்றும். பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும் உபதேசத்தோடு உபதேசமாக, சீக்கிரம் வா, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா என்றுதான் கேட்கிறார். இவ்வளவு பெரிய அப்போஸ்தலனுக்குத் தேவன் கூட இருக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை, ஆனாலும் ஆள் வேண்டும், போர்த்திக்கொள்ளத் துணி வேண்டும். "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்று தேவன் சொன்னது பாவம் உலகத்தில் வருவதற்கு முன்னால். ஏதேனில் தேவனோடு உலாவிய ஆளுக்கே அது நல்லதல்ல என்றால், எட்டடி அறையில் அதை மருந்தாகக் கொடுத்தது எப்படி? "காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்" என்கிற வசனத்தைப் படித்தவர்கள், சொந்தபந்தம் யாரும் வந்து பார்க்க முடியாதபடி ஒரு காவலைக் கட்டினார்கள். குடும்பத்திலிருந்து ஒரு கடிதம்கூட உள்ளே வராத காலம் அது.

கொலை செய்தவனுக்கா இவ்வளவு பரிவு, செத்தவன் வீட்டாருக்கு என்ன பதில் என்று எங்கள் வேனிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, சட்டென்று தட்டிவிட முடியாது. தம்பி ஆபேலைக் கொன்ற காயீனை நினைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். கர்த்தர் அவனைத் தண்டிக்காமல் விடவில்லை, ஆபேலின் இரத்தம் கூப்பிடுகிறது என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் கண்டவன் எவனும் அவனைக் கொன்றுபோடாதபடி ஓர் அடையாளமும் போட்டார். காயீன் பிறகு குடும்பமாக வாழ்ந்தான், பட்டணம் கட்டினான். ஆபேலின் உயிருக்கு இருந்த மதிப்பைக் காட்டக் காயீனின் உயிரை வாங்க வேண்டிய அவசியம் கர்த்தருக்கு இருக்கவில்லை. வேனில் இருந்தவர் சமாதானம் ஆனாரா என்றால் இல்லை, வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.

இங்கே பிற்காலத்தில் கட்டிய 15-ஆம் பிளாக் மரண தண்டனைக் கைதிகளுக்கானது. இந்தச் சிறைக்குள் யாருக்கும் மரண தண்டனையை நிறைவேற்றவில்லை, இங்கே வைத்திருந்து வேறு சிறைக்கு அனுப்புவார்கள். பென்சில்வேனியாவில் 2015-லிருந்து ஆளுநர்கள் மரண தண்டனையை நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 2018-ல் மறைக்கல்வி நூலையே திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதியது. நம் நாட்டில் கருணை மனு நிலுவையில் இருக்கும்போதே ஆளைத் தனியாகப் பூட்டி வைக்கிற வழக்கத்தை 1978-ல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நீதிமன்றம் தண்டனையாகவே விதிக்கிற தனிச்சிறைக்கும் சட்டத்தில் ஒரு தடவைக்கு 14 நாள்தான் எல்லை. ஐ.நா.வின் மண்டேலா விதிகள் 2015-லிருந்து சொல்வது 15 நாள். லூசியானா அங்கோலா சிறையில் ஆல்பர்ட் வுட்ஃபாக்ஸ் நாற்பது வருஷத்துக்கு மேல் தனிக்கொட்டடியில் இருந்து 2016-ல்தான் வெளியே வந்தார்.

இந்த இன்றைய நிலவரத்தை அருங்காட்சியகம் மறைக்கவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. வெளியே மைதானத்தில் பதினாறு அடி உயரத்தில் இரும்பால் ஒரு வரைபடம் செய்து நிறுத்தியிருக்கிறார்கள், அமெரிக்காவில் சிறையில் இருக்கிறவர்களின் விகிதம் எப்படி ஏறியது, மற்ற நாடுகள் எங்கே, யார் மரண தண்டனை வைத்திருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரியும். உள்ளே இன்றைய சிறைகளைப் பற்றித் தனியாக ஒரு காட்சிக்கூடமும் 2016-லிருந்து உண்டு. அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு, அதாவது குவேக்கர்களே, இன்று தனிச்சிறையை ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். முன்னோர் கட்டியதைப் பிள்ளைகள் இடிக்கிறார்கள், எனக்கு அது பெரிய ஆறுதல்.

அருங்காட்சியகத்தில் குறை என்று சொல்லப்போனால் கூட்டம் எங்கே நிற்கிறது என்பது. சிகாகோ தாதா அல் கபோன் 1929-30-ல் இங்கே சில மாதம் இருந்தான், அவனுடைய அறையை நாற்காலி, விளக்கு, ரேடியோ வைத்து அலங்கரித்திருக்கிறார்கள், அங்கே எப்போதும் வரிசை. அதில் நேரம் போக்காமல் 1920-களில் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குப் போங்கள், அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள். கத்தோலிக்கச் சிறைக்குருவின் அலுவலகச் சுவரில் 1955-ல் ஒரு கைதி வரைந்த ஓவியங்களும் இருக்கின்றன, பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். சேர்ந்து கும்பிட இடம் கிடைத்த பிறகு கைதிகள் என்ன செய்தார்கள் என்பதற்கு அந்த இரண்டும் சாட்சி. ஆரம்பித்தவர்களின் விசுவாசத்தைப் பற்றி ஆடியோவில் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது என் ஆசை. ஹாலோவீன் சமயம் இரவில் பயமுறுத்தும் நிகழ்ச்சி நடத்துகிறார்கள், கட்டடத்தைப் பராமரிக்கப் பணம் அதிலிருந்துதான் வருகிறது, எனக்கும் அது தெரியும். ஆனாலும் மனுஷர் நொந்துபோன தாழ்வாரத்தில் விளையாட்டுக்குக்கூடப் பயத்தை விற்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சரி, போகிறவர்களுக்கு நாலு விஷயம். தரை மேடு பள்ளம், நல்ல ஷூ போடுங்கள். குளிர்காலத்தில் உள்ளேயும் வெளியே போலவே குளிரும், ஸ்வெட்டர் போதாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மக்கம்ஸி கதையெல்லாம் வேண்டாம், தாழ்வாரத்தையும் நடுக்கூடத்தையும் காட்டிக் கூட்டிவந்துவிடலாம். காலையில் திறந்த உடனே போனால் கூட்டம் குறைவு, கொட்டடிக்குள் தனியாக நிற்க முடியும். அங்கே நிற்கிற வழிகாட்டிகளிடம் பேச்சுக் கொடுங்கள், தெரிந்ததைப் பொறுமையாகச் சொல்கிறார்கள், ஆச்சி கேட்ட மாதிரிக் கேள்விகளையும் கேட்கலாம். என் மதிப்பெண் 5-க்கு நாலரை. அக்டோபரில் போகிறவர்கள் மட்டும் கையில் இருப்பது பகல் டிக்கெட்டா, ராத்திரி நிகழ்ச்சி டிக்கெட்டா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.